சொல்லிவிட்டுச் செய்கிறவர்

இருக்கன்குடி கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் என்னைக் காரில் ஏற்றினார்கள். என் மச்சினன் ஓட்டினான். நானும் மனைவியும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். சாத்தூரில் டீ குடித்தோம். அதற்குப் பிறகு கார் கோயில் பாதையில் திரும்பாமல் நேராகப் போனது. "ஏலே, எங்கலே போற?" என்று கேட்டேன். மச்சினன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தான். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கருவேலங்காட்டுக்கு நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவரின் முன்னால் கார் நின்றது. 'முன்னாள் படைவீரர் மறுவாழ்வு இல்லம்' என்று பச்சை எழுத்தில் பலகை இருந்தது. நான் முன் சீட்டை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றேன். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. காட்டன் சேலை. செருப்பைத் தரையில் சரசரவென்று தேய்த்துத் தேய்த்து நடந்தார். கால் முடியாதவர் என்று நினைத்தேன்.

காருக்கு நாலடி தள்ளியே நின்றுகொண்டு, மச்சினனைப் பார்த்துக் கேட்டார்.

"இவுகள என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தீக?"

"கோயிலுக்குன்னு சொன்னோம் மேடம். உண்மையச் சொன்னா வர மாட்டாரு."

"அப்ப இன்னைக்கு வேண்டாம். திருப்பிக் கூட்டிட்டுப் போங்க."

மச்சினன் சண்டை போட்டான். என் மனைவி அழுதாள். "புள்ள கைய ஒடிச்சிட்டாக மேடம். ஒன்பது வயசுப் புள்ள" என்றாள்.

அது உண்மை. நான் பட்டாளத்தில் லாரி ஓட்டியவன். மலைப்பாதையில் எனக்கு முன்னால் போன வண்டி ஒரு நாள் வெடித்துச் சிதறியது. அதில் இருந்த நாலு பேரும் காலையில் என்னோடு சப்பாத்தி சாப்பிட்டவர்கள். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தால், ஊர் பட்டாசு செய்கிற ஊர். குடித்தால் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போகும். அதனால் குடித்தேன். எதிர்வீட்டுக் கல்யாணத்தில் சரவெடி கொளுத்தியபோது என் மகள் வாசலில் நின்றிருந்தாள். அவளைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் எறிந்து, அவள்மேல் நான் விழுந்தேன். காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தது.

அந்தப் பெண் என் மனைவி அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

"உங்களுக்குப் பயமா இருக்கும்மா, தெரியுது. இவுக தானா வர்ற வரைக்கும் நீங்களும் பிள்ளையும் உங்க தம்பி வீட்ல போய் இருங்க. இத இவுக முன்னாலயே சொல்றேன், பின்னால வேற மாதிரி கேள்விப்படக் கூடாது."

பிறகு என்னிடம், "ஜன்னல் பக்கம் வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தார். இங்கே மூன்று மாதமாவது இருக்க வேண்டும். முதல் பத்து நாள் உடம்பு நடுங்கும், தூக்கம் வராது, என்னைத் திட்டுவீர்கள். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மாத்திரை என்ன என்று சொல்லித்தான் கொடுப்போம். கேட் பூட்டியிருக்காது. வெளியே போவதென்றால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். குணமாகும் என்று எழுதிக் கொடுக்க முடியாது. வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பக் குடிக்கிறார்கள். இவ்வளவையும் கடைக்காரர் சாமான் பெயர் சொல்வதுபோல முகம் மாறாமல் சொன்னார்.

நாங்கள் திரும்பினோம். வழியில் மனைவி, "கோயிலுக்காவது போயிட்டுப் போவோம்" என்றாள். போனோம்.

மூன்று வாரம் கழித்து நான் தனியாக பஸ் ஏறி அந்தக் கேட்டில் போய் இறங்கினேன். மனைவியும் மகளும் மச்சினன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் யாரும் இல்லை. அந்தப் பெண் காரின் பக்கத்தில் நின்று சொன்னதில் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. அவ்வளவுதான்.

"வந்துட்டீகளா" என்றார். "சாப்பிட்டீகளா?"

அவர்தான் அந்த இல்லத்தின் சமூகப் பணியாளர். டாக்டர் வந்துபோகிறவர். நிர்வாகி விருதுநகரில் இருந்தார். நாள் முழுக்க எங்களோடு இருந்தது இவர்தான். நாங்கள் பதினாலு பேர். எல்லாரும் 'மேடம்' என்றோம். அவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் பட்டாளத்து வாயை மாற்ற முடியவில்லை.

எதைச் செய்தாலும் முன்னால் சொல்லிவிட்டுச் செய்வார். அது ஒரு பழக்கம் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் அவரிடம் வேறு வைத்தியம் எதுவும் இல்லை, அது மட்டுமே இருந்தது. "உள்ள வர்றேன்." "உங்களுக்கு இடதுபக்கம் உக்காரப் போறேன்." "இப்ப ஒரு கஷ்டமான கேள்வி கேக்கப் போறேன், பதில் வேண்டாம்னா கைய மட்டும் தூக்குங்க." ஃபேன் சுவிட்சைப் போடும் முன்கூட, "ஃபேன் போடுறேன்" என்பார். சமையல்காரர் கேலி செய்வார்: "மேடம் தும்முறதுக்கு முன்னால லெட்டர் போடுவாங்க."

ஒரு நாள் சாத்தூர் கடைத்தெருவில் அவரைத் தூரத்திலிருந்து பார்த்தேன். காகிதப் பொட்டலத்தில் சேவு வாங்கிக்கொண்டு வேகமாக, ஓசையே இல்லாமல் நடந்து போனார். காலில் ஒரு கோளாறும் இல்லை. இல்லத்துக்குள் மட்டும்தான் செருப்பைத் தேய்த்து நடக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. பின்னாலிருந்து யாரும் திடீரென்று வந்தால் எங்களில் சிலர் கையை ஓங்கிவிடுவோம்.

ஒருமுறை அவர் பிறந்தநாளைத் தெரிந்துகொண்டு கேக் வாங்கி மறைத்துவைத்து, கதவைத் திறந்ததும் எல்லாருமாகக் கைதட்டினோம். அவர் முகம் வெளுத்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சிரிக்க முயன்று, "எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல" என்றார். கேக்கைச் சின்னத் துண்டாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

இல்லத்தைச் சுற்றி ஏழு பட்டாசுக் கம்பெனிகள். பட்டாசு லேபிள் அச்சடிக்கும் ஒரு குடும்பம் இல்லத்துக்குக் கொடுத்த நிலம் அது. பட்டாளத்துக்குப் போய் மனசு உடைந்தவர்களுக்கு இந்த இடத்திலா வீடு கட்டுவது என்று எல்லாரும் கேட்போம். வேறு இடம் கிடைக்கவில்லை என்பதுதான் பதில். சரக்கு சரியாக வெடிக்கிறதா என்று பார்க்க, கம்பெனிக்காரர்கள் தினமும் கொஞ்சம் வெடித்துப் பார்ப்பார்கள். எப்போது வெடிப்பார்கள் என்று தெரியாது. நான் வருவதற்கு முந்தைய வருடம் ஒரு ஹவில்தார் அந்தச் சத்தத்தில் மாடியிலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொண்டாராம்.

அதற்குப் பிறகு மேடம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஏழு கம்பெனிக்கும் போயிருக்கிறார். வெடிக்கிற நேரத்தை முன்னால் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். சிரித்திருக்கிறார்கள். "பட்டாசுக் கம்பெனியில சத்தம் வராம புல்லாங்குழலா வாசிப்பாக?" என்று ஒரு மேனேஜர் கேட்டாராம். இவர் மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். ஃபோர்மேன் வரும்வரை வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி அதன்மேலேயே உட்கார்ந்திருப்பார். "நாளைக்கும் வருவேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். வருவார். கடைசியில் ஒவ்வொருவராகப் போன் செய்ய ஆரம்பித்தார்கள். நான் இருந்த காலத்தில், தீபாவளி சீசனில்கூட, எந்தக் கம்பெனி எத்தனை மணிக்கு என்ன வெடிக்கும் என்று காலைச் சாப்பாட்டின்போதே சொல்லிவிடுவார். "பத்தரைக்குச் சரம். பதினொன்னுக்குப் பெரிய வெடி, நாலு. மேக்க இருந்து வரும்."

பதினொன்றுக்கு நாங்கள் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்போம். ஒன்று, இரண்டு என்று எண்ணுவோம். நாலாவது முடிந்ததும் மூச்சு விடுவோம். முதல் மாதம் எனக்குச் சட்டை நனைந்துவிடும். மூன்றாவது மாதம், எண்ணிக்கொண்டே டீ குடிக்க முடிந்தது.

சுபேதார் என்று நாங்கள் கூப்பிட்டவர் எனக்கு ஒரு மாதம் கழித்து வந்தார். அறுபதை நெருங்கியவர், கோவில்பட்டிக்காரர், மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள். தேய்த்த சட்டை, மடிப்புக் கலையாத படுக்கை. காலையில் எங்களை வரிசையில் நிறுத்தி உடற்பயிற்சி செய்ய வைத்தது அவர்தான். "எனக்கு ஒன்னும் இல்லப்பா. மக சொன்னான்னு ஓய்வுக்கு வந்திருக்கேன்" என்பார். அவர் இருந்தால் எங்களுக்குத் தைரியமாக இருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் வேப்பமரத்தடியில் மேடத்தைக் கூப்பிட்டுப் பேசினார். நானும் இன்னொருவரும் வராந்தாவில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். பேச்சு காதில் விழுந்தது.

"ஏம்மா, உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடு."

"அப்படி வாக்குக் குடுக்க மாட்டேன் சார். உயிர் சம்பந்தப்பட்டதுன்னா டாக்டருக்கும் உங்க மகளுக்கும் சொல்லிருவேன். அது தெரிஞ்சு சொல்றதா இருந்தா சொல்லுங்க."

சுபேதார் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். தன்னுடைய மனைவியின் நினைவு நாளன்று செத்துப் போவது என்று முடிவு செய்திருக்கிறார். அதற்கு வேண்டியதையும் சேர்த்து வைத்திருக்கிறார். குரல் ஆடவில்லை. லீவு முடிந்து யூனிட்டுக்குத் திரும்புகிறவர்போலப் பேசினார்.

மேடம் அவர் கையைப் பிடிக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. "இப்ப உங்க மகளுக்குப் போன் போடப் போறேன். நீங்க இங்கனயே இருங்க. நான் என்ன சொல்றேன்னு நீங்களும் கேக்கணும்" என்றார். போனைத் தன் மடியில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். மகளின் அலறலை வராந்தாவிலிருந்தே கேட்டோம். சுபேதார் எழுந்து நின்றார். அப்படி ஒரு கோபத்தை நான் பட்டாளத்திலும் பார்த்ததில்லை.

"உன்னயப் பெத்த அப்பனா இருந்தா இப்படிப் பண்ணுவியா?"

"பண்ணுவேன் சார். அடுத்து டாக்டருக்குப் போடுறேன்."

அன்றைக்கே அவரை மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வண்டியில் ஏறும்போது எங்களைப் பார்த்து, "என் பிள்ளை முன்னால என்னைய அம்மணமா நிறுத்திட்டா" என்றார்.

நாங்கள் எல்லாரும் அவர் பக்கம். ஒருவன் நம்பிச் சொன்னதை இன்னொருவன் வெளியில் சொல்வது எங்கள் வாழ்க்கையில் இல்லாதது. மேடம் முன்னாலேயே எச்சரித்தார் என்பது எனக்குத் தெரியும், என் காதாலேயே கேட்டேன். இருந்தாலும் கொஞ்சம் இளகியிருக்கலாம், தனியாகப் போய்ப் பேசியிருக்கலாம் என்று தோன்றியது. நாலைந்து நாள் அவரிடம் பேசவில்லை. அவர் என்னிடம் வந்து, "நீங்களும் கோவமா இருக்கீக. சரி. புதன்கிழமை உங்க குரூப் கூட்டம் இருக்கு. கோவத்தோடயே வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். போனேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவரும் ஒரு மணி நேரம் எங்களோடு பேசாமல் உட்கார்ந்திருந்து, "நேரம் முடிஞ்சுது, எந்திரிக்கிறேன்" என்று எழுந்து போனார்.

சுபேதார் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். மாத்திரையில் முகம் கொஞ்சம் ஊதியிருந்தது. மனைவியின் நினைவு நாள் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே கடந்துபோயிருந்தது. எங்களோடு பழையபடி பேசினார். மேடத்தோடு மட்டும் பேசவில்லை. தினமும் காலையில் அவர், "சார், உள்ள வர்றேன்" என்பார். சுபேதார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். "வந்துட்டேன். மாத்திரைய இங்கன வைக்கிறேன். போறேன்." ஒரு நாள்கூட விட்டதில்லை, இவரும் சரி, அவரும் சரி.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் மதியம், சாப்பாடு முடிந்து தட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு வெடி எதுவும் இல்லை என்று மேடம் சொல்லியிருந்தார். தரை குலுங்கியது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஜன்னல் கண்ணாடிகள் உதிர்ந்தன. நான் தொட்டிக்கு அடியில் இருந்தேன், எப்படிப் போனேன் என்று தெரியாது. யாரோ இந்தியில் கத்தினார்கள். மேற்கே கறுப்பாகப் புகை எழுந்தது.

மேடம் முற்றத்தின் நடுவில் வந்து நின்றார். குரலை உயர்த்தித்தான் பேசினார்.

"இது எனக்குத் தெரியாது. இது டெஸ்ட் இல்ல. எங்கயோ விபத்து. இன்னொன்னு வெடிக்குமா வெடிக்காதான்னும் எனக்குத் தெரியாது. கேட்டுட்டு வந்து சொல்றேன்."

எனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதுதான் என்னைத் தொட்டிக்கு அடியிலிருந்து வெளியே கொண்டுவந்தது.

பத்து நிமிடத்தில் போனில் விசாரித்து வந்தார். மேற்கே மூன்று கிலோமீட்டரில் ஒரு கம்பெனி. எங்களில் ராணுவ ஆஸ்பத்திரியில் நர்சிங் உதவியாளராக இருந்தவர் ஒருவர், போக வேண்டும் என்றார். இன்னும் சிலர் எழுந்தார்கள். மேடம் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, "நீங்க வேண்டாம். நீங்களும் வேண்டாம்" என்றார். அப்போது சுபேதார் பூட்ஸ் மாட்டிக்கொண்டு அறையிலிருந்து வந்தார். மேடத்தைப் பார்க்காமல் வேன் பக்கம் போனார். மேடம் தடுக்கவில்லை.

"டிரைவர் லீவு" என்றார் என்னிடம். "உங்களால முடியுமா? முடியலன்னா வேற பாத்துக்கலாம்."

ரெண்டு வருடமாக நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. முடியும் என்றேன். கிளம்பும் முன் எங்கள் மூன்று பேரையும் மரத்தடியில் நிறுத்தி, அங்கே என்ன பார்ப்போம், என்ன வாடை இருக்கும், யார் எப்படிக் கத்துவார்கள் என்று இரண்டு நிமிடம் சொன்னார். "நான் பாத்திருக்கேன்" என்றார். அதை இங்கே எழுதவில்லை. அவர் சொன்னபடியே இருந்தது.

போகிற வழியெல்லாம் பக்கத்து சீட்டிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். "நூறு அடியில ஒரு பாலம். அதத் தாண்டி வலது பக்கம். ஆளுக ஓடி வருவாக, மெதுவாப் போங்க."

கம்பெனிக்குப் போவது ஒற்றை மண் பாதை. அதில் பைக்கும் ஆட்டோவும் வேடிக்கை பார்க்க வந்த கூட்டமுமாக அடைத்துக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் உள்ளே போக முடியாமல் நின்றது. சுபேதார் வேனிலிருந்து குதித்தார். "வண்டிய வயக்காட்டுல இறக்குலே! இறக்கு!" என்று அவர் போட்ட சத்தத்துக்குக் கூட்டம் விலகியது. ஒவ்வொரு வண்டியாகத் தூக்கிக் காட்டில் இறக்க வைத்தார். சாயங்காலம்வரை அந்தப் பாதையை விட்டு அவர் நகரவில்லை. அன்றைக்கு எல்லா ஆம்புலன்சும் நிற்காமல் போய் வந்தது அவரால்தான். நர்சிங் உதவியாளர் உள்ளே போனார். நான் வேனை விட்டு இறங்கவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

வேனுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா வந்து நின்றாள். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்திலிருந்து செருப்பில்லாமல் வந்திருக்கிறாள். மகள் அந்தக் கம்பெனியில் வேலை. கேட்டிலிருந்த சூப்பர்வைசர், மேடத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "லேசான காயந்தான், ஆஸ்பத்திரியில இருக்குன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிருங்க மேடம். இங்கன கூட்டம் சேந்தா வம்பு" என்றார்.

மேடம் அந்த அம்மாவிடம் போய், "பக்கத்துல உக்காரப் போறேம்மா" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்தார்.

"ஒங்க மக எப்படி இருக்கான்னு எனக்குத் தெரியாது. இங்கன யாருக்கும் தெரியாது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்துட்டு வர்றேன். நல்லதா இருந்தாலும் கெட்டதா இருந்தாலும் நான்தான் வந்து சொல்லுவேன். வேற யாரு என்ன சொன்னாலும் நம்பாதீக. மக என்ன உடுத்திருக்கா?"

"மஞ்சச் சுடிதாரு. நாந்தேன் காலைல மடிச்சுக் குடுத்தேன்."

ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டினேன். அவர் உள்ளே போய் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். "திரும்பிப் போவோம்" என்றார். நான் வேனைத் திருப்பினேன்.

அந்த அம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மேடம் வேனிலிருந்து இறங்கி நேராக அவளிடம் போனார். "கெட்ட செய்தி சொல்லப் போறேம்மா" என்றார். ஒரு மூச்சு விட்டுவிட்டு, "ஒங்க மக இறந்துட்டா. நான் கண்ணால பாத்தேன். மஞ்சச் சுடிதார்தான்" என்றார். அந்த அம்மா அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். கன்னத்தில், தோளில், மார்பில் அடித்தாள். நான் இறங்கப் போனேன். மேடம் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். அடித்து முடியும்வரை நின்றார். பிறகு அவள் அவர்மேலேயே சரிந்து விழுந்தாள்.

திரும்பும்போது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சுபேதாரும் நர்சிங் உதவியாளரும் பின் சீட்டில் தூங்கிவிட்டார்கள். மேடத்தின் கன்னத்தில் நகக்கீறல் இருந்தது. தானாகப் பேசினார். அவர் தன்னைப் பற்றி எனக்குச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"எங்கம்மாவும் இப்படித்தான் செத்தாக. நான் ஏழாப்புப் படிக்கேன். பள்ளிக்கூடத்துக்கு மாமா வந்தாரு. அம்மாவுக்கு லேசாக் காயம், வான்னு கூப்பிட்டாரு. பஸ்ஸ்டாண்டுல எனக்கு ஒரு பன்னு வாங்கிக் குடுத்தாரு. கிரீம் வச்சது. அம்மா அதெல்லாம் வாங்கித் தர மாட்டாக. பஸ்ஸுல ஊர்க்காரங்க எம்புட்டோ பேரு இருந்தாக. எல்லாரும் என்னையப் பாக்காக, யாரும் பேசல. எனக்குச் சந்தோசம், பன்னு நல்லா இருந்துச்சு. தெருமுனையில இறங்கும்போது அழுகைச் சத்தம் கேட்டுச்சு. அப்பவும் வெரல்ல கிரீமு இருந்துச்சு."

நான் கியரை மாற்றினேன். அவர், "ரைட்ல ஒரு ஆட்டோ வருது" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல முடியாது. அந்த வாரத்திலேயே நானும் நர்சிங் உதவியாளரும் வெளியே போய்க் குடித்துவிட்டு வந்தோம். "குடிச்சிருக்கீக. குடிக்காத நாள் கணக்க முதல்லருந்து ஆரம்பிக்கணும், அத டாக்டருக்கும் உங்க வீட்டுக்கும் சொல்லப் போறேன்" என்றார். சொன்னார். நான் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். நர்சிங் உதவியாளர் பை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவில்லை. விபத்துக்கு மறுநாள் காலையில் மேடம் சுபேதாரிடம், "நேத்து நீங்க இல்லன்னா ஆம்புலன்ஸ் உள்ள வந்திருக்காது சார்" என்றார். சுபேதார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் அங்கே ஏழு மாதம் இருந்தேன். வீட்டுக்குத் திரும்பியபின் ஒரு முறை தவறினேன், அதற்குப் பிறகு இல்லை. இப்போது ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ் ஓட்டுகிறேன். மனைவியும் மகளும் என்னோடுதான் இருக்கிறார்கள். மகள் என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளியே உட்காருகிறாள். அவள் அறைக்குள் போகும் முன் நான் சொல்லிவிட்டுப் போகிறேன். அதற்கு அவள் இதுவரை பதில் சொன்னதில்லை, கதவைச் சாத்தியதும் இல்லை.

நான் வீடு திரும்பிய பிறகு மேடம் அந்த இல்லத்தை விட்டுப் போனார். ரெண்டு மாதத்துக்கு முன்பே எல்லாரையும் உட்காரவைத்து, எந்த நாள், எந்த ஊர், தன் இடத்துக்கு வரப்போகிறவர் யார் என்பதெல்லாம் சொன்னாராம். "போற அன்னைக்கு நான் அழுவேன். அதப் பாத்து நீங்க பதற வேண்டாம்" என்றும் சொன்னாராம். அன்றைக்கு அழுதார் என்று சமையல்காரர் சொன்னார்.

போன வருடம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். முடி பாதி நரைத்திருந்தது. பின்னாலிருந்து கூப்பிடாமல் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். அடையாளம் தெரிந்துகொண்டார். என் மகளின் கை எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். பிறகு சுபேதாரைக் கேட்டார்.

நானும் சுபேதாரும் ராணுவக் கேன்டீனில் மாதம் ஒருமுறை சந்திப்போம். அதைச் சொன்னேன். மகள் வீட்டில் இருக்கிறார், பேரனை ஸ்கூலுக்குக் கொண்டுவிடுகிறார், சர்க்கரை இருக்கிறது, இன்னும் சட்டையைத் தேய்த்துத்தான் போடுகிறார் என்றேன்.

"என்னையப் பத்திப் பேசுவாகளா?"

இவரிடம் போய்ப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்ல மேடம். உங்க பேச்ச எடுத்தாலே எந்திருச்சுப் போயிருவாரு. இன்னும் கோவந்தான்."

அவருடைய பஸ் வந்து நின்றது. "ஏறப் போறேன்" என்றார். ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். நான் கீழே நின்றேன். டிரைவர் வண்டியை எடுத்தார்.

"கோவமா இருக்காருல்ல" என்றார் மேடம். "இருக்கட்டும்."

பஸ் நகர்ந்தபோது இன்னொரு தடவை சொன்னார்.

"இருக்கட்டும்."